எஸ்டேட்: நிலையும் நிலமும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு 'எஸ்டேட்' என்னும் சொல்லின் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பால்மரக் காடு, பிரட்டுக்களம், லயம், இஸ்டோர், துரை பங்களா, காட்டோரத்து முனியாண்டி கோயில், தகரக் கூரையின்கீழ் ஒரு தமிழ்ப்பள்ளி ஆகிய இவை எல்லாம் சேர்ந்ததே எஸ்டேட். மலாய் மொழியில் இதனை 'லாடாங்' என்பர். 'எஸ்டெட்' என்றும் எழுதுவதுண்டு. நாம் 'தோட்டம்' என்று பெயரிட்டுக்கொண்டோம்.

ஆயினும், வரலாற்று முறையில் தொகுக்கப்பெற்ற ஆங்கிலப் பேரகராதி ஒன்றை எடுத்து இச்சொல்லைத் தேடும் மாணவன் திகைப்படைவான். அங்கே முதலில் வருவது மரமும் அன்று, மண்ணும் அன்று. 'நிலை' என்பதே இச்சொல்லின் முதற்பொருளாக அங்கே காணப்படும். ஒருவன் உலகில் நிற்கும் நிலை, அவனது தகுதி, அவன் சார்ந்த வகுப்பு என்றெல்லாம் பொருள்கள் அடுக்கிச் சொல்லப்பட்ட பின்னரே சொத்து வரும். சொத்துக்கும் பின்னரே தோட்டம் வரும். நிலையைக் குறித்த சொல் எவ்வாறு நிலத்தைக் குறிக்கலாயிற்று? நிலத்தைக் குறித்த சொல், ஒரு பிடி நிலமும் தமக்கென இல்லாத மக்களின் வாழிடப் பெயராக எவ்வாறு வந்து முடிந்தது? இவ்விரு வினாக்களும் என்னை நெடுநாள் உறுத்தியவை.

இச்சொல்லின் ஆணிவேர் இலத்தீனத்தில் உள்ளது. 'ஸ்டாரே' என்றால் நிற்றல். அதனின்று பிறந்த 'ஸ்டாட்டுஸ்' என்பது நிற்கும் முறை, அதாவது நிலை. தமிழில் 'நில்' என்னும் வினையடியிலிருந்து 'நிலை' தோன்றியதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரு மொழிகளும் வெவ்வேறு குடும்பத்தைச் சார்ந்தவை. எனினும், மனிதனின் மதிப்பை அவன் நிற்கும் இடத்தைக்கொண்டு அளக்கும் எண்ணம் இரண்டிற்கும் பொதுவாய் இருந்திருக்கிறது. வடமொழியின் 'ஸ்தா' என்னும் வேர் இலத்தீன வேருக்கு உடன்பிறப்பு. ஸ்தானம், ஸ்திரம் முதலிய சொற்கள் அதன் வழி வந்தவை. பழைய பத்திரங்களில் 'ஸ்தாவர ஜங்கம சொத்துகள்' என்று எழுதியிருப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். ஸ்தாவரம் என்றால் நின்ற இடத்தில் நிற்பது. இன்று நாம் அசையாச் சொத்து என்று சொல்வது. ஆகவே, பத்திரம் எழுதிய நம் ஊர்க் கணக்கரும் இலண்டன் வழக்கறிஞரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வேர்ச்சொல்லைக் கையாண்டு வந்தனர் எனலாம்.

இலத்தீனச் சொல் பிரெஞ்சு மொழியில் நுழைந்தபோது அதன் முன்னே ஓர் எகரம் வந்து ஒட்டிக்கொண்டது. 'ஸ்' என்னும் மெய்யோடு வேறொரு மெய்யும் சேர்ந்து சொன்முதலில் வருவது அம்மக்களின் நாவிற்கு இடர்ப்பாடாய் இருந்தது. எனவே 'ஸ்டாட்டுஸ்' என்பது 'எஸ்டாட்' ஆயிற்று. பள்ளியைக் குறித்த 'ஸ்கோலா' என்பது 'எஸ்கோல்' ஆயிற்று. தமிழ் மாணவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்தே நம் மரபு. பள்ளிக்கூடத்தை 'இஸ்கூல்' என்றும், பால் சேர்க்கும் இடத்தை 'இஸ்டோர்' என்றும் அழைத்த நம் பாட்டிமார், எழுத்தறியாதவராயினும் பழைய பிரெஞ்சுக்காரர் செய்ததையே செய்தனர். அவர்களது ஒலிப்பைக் கேட்டு நகைத்த பட்டதாரிகளை நான் கண்டதுண்டு. 'எஸ்டேட்' என்று அவர்கள் திருத்தமாய் ஒலிக்கும் சொல்லின் எகரமே அத்தகைய ஒட்டு என்பதை அவர்கள் அறியார்.

பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்த இச்சொல் அங்கே கிளைத்தது. முன்னொட்டிய எகரம் உதிர்ந்தபோது 'ஸ்டேட்' ஆகி நாளடைவில் அரசைக் குறித்தது. எகரத்தோடு நின்றது 'எஸ்டேட்'. பின்னாளில் இலத்தீனத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்ட 'ஸ்டேட்டஸ்' என்பது தகுதியைக் குறித்தது. அரசு, சொத்து, தகுதி என மூன்றாகப் பிரிந்த இவை ஒருதாய் மக்களே.

பழைய ஆங்கிலத்தில் 'எஸ்டேட்' என்பதன் உயிர் நிலைப்பொருளிலேயே இருந்தது. ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் திருமணம் என்பது ஓர் எஸ்டேட். அதாவது வாழ்வின் ஒரு நிலை. சிறுவன் வளர்ந்து ஆளாவதை ஆண்மகனுக்குரிய எஸ்டேட்டை அடைதல் என்பர். 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் எளியோரின் தாழ்நிலையைக் குறிக்கவும் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. ஒன்றுமே இல்லாத ஏழைக்கும் அன்று ஓர் எஸ்டேட் இருந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

சமுதாயத்தையே எஸ்டேட்டுகளாகப் பகுத்துக் காண்பதும் இடைக்கால ஐரோப்பாவின் வழக்கம். குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாவது, ஏனையோர் அனைவரும் மூன்றாவது. பிரெஞ்சு மன்னர்கள் 1302இல் தொடங்கி இடையிடையே கூட்டிய பேரவைக்கு இவற்றின் பெயரே அமைந்தது. 1614க்குப் பின் அப்பேரவை கூட்டப்படவே இல்லை. கருவூலம் வறண்டுபோன நிலையில் 1789ஆம் ஆண்டு மே மாதம் பதினாறாம் லூயி அதனை மீண்டும் கூட்டினான். மக்கள்தொகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் மூன்றாம் எஸ்டேட்டைச் சார்ந்தவர். ஆயினும், பழைய முறைப்படி எஸ்டேட் ஒன்றுக்கு ஒரு வாக்கே. மற்ற இரண்டும் கைகோத்தால் மூன்றாவதன் குரல் எடுபடாது. மூன்றாம் எஸ்டேட் என்பது யாது என்னும் வினாவையே தலைப்பாக்கி அவ்வாண்டின் தொடக்கத்தில் சியெஸ் என்னும் குரு வெளியிட்ட சிறுநூல் நாடெங்கும் பரவியது. ஜூன் 17ஆம் நாள் மூன்றாம் எஸ்டேட்டினர் தம்மையே தேசிய மன்றம் என்று அறிவித்துக்கொண்டனர். பிறப்பால் நிலை என்னும் கோட்பாடு அன்று ஆட்டங்கண்டது.

இவ்விடத்தில், நம் பத்திரிகையாளர் நாள்தோறும் வழங்கும் ஒரு தொடரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பத்திரிகையை 'நான்காவது தூண்' என்கிறோம். சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்னும் மூன்றனோடு இது நான்காவது என்று மாணவர்க்கு விளக்கமும் தருகிறோம். ஆங்கில மூலத்தில் தூணும் இல்லை; அம்மூன்று துறைகளும் இல்லை. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்னும் மூன்று எஸ்டேட்டுகளுக்கு அடுத்ததாய் எழுந்த நான்காவது எஸ்டேட் என்பதே அது. நாடாளுமன்றத்தில் செய்தியாளர் அமரும் மாடத்தை மெக்காலே 1828இல் அவ்வாறு குறித்தார். எட்மண்ட் பர்க் சொன்னதாகக் கார்லைல் எழுதியதால் அத்தொடர் புகழ்பெற்றது. அதற்கும் முன்னர், 1752இல், ஹென்றி ஃபீல்டிங் என்னும் நாவலாசிரியர் தெருக்கூட்டத்தையே நான்காம் எஸ்டேட் என்று எள்ளி எழுதியிருக்கிறார். 'நான்காம் வகுப்பு' என்றோ 'நான்காம் நிலையினர்' என்றோ பெயர்த்திருந்தால் மூலத்திற்கு அண்மையாய் இருந்திருக்கும். தூண் என்றது அழகாய் இருப்பதால் நிலைத்துவிட்டது. அதனை இனி மாற்றுவது அரிது, மாற்றவும் வேண்டா. ஆனால் வகுப்பில் விளக்கும்போது வரலாற்றைப் பிழையாகச் சொல்லாதிருக்கலாம் அல்லவா?

இனி நிலத்திற்கு வருவோம். 1066இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், நாட்டின் நிலம் முழுவதும் மன்னனுடையதே என்னும் கொள்கை நிலைபெற்றது. பிரபுக்கள் மன்னனிடமிருந்தும், அவர்க்குக் கீழ்ப்பட்டோர் பிரபுக்களிடமிருந்தும் பணிக்கு ஈடாக நிலத்தைப் பெற்றிருந்தனர். ஒருவன் எந்நிலத்தை எவ்வகையில் பெற்றிருந்தான் என்பதே அவன் யார் என்பதை உணர்த்திற்று. படைப்பணி செய்து நிலம் பெற்றவன் வீரன். பிரபுவின் வயலில் உழுது நிலம் பெற்றவன் குடியடிமை. நிலையும் நிலமும் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தமையால், நிலையைக் குறித்த சொல் நிலத்தின் மேலும் படர்ந்தது.

ஆனால் அவ்வாறு படர்ந்தபோதும் அது மண்ணைக் குறிக்கவில்லை. இதுவே ஆங்கிலச் சட்டத்தின் நுட்பம். மண்ணுக்கு உரியவன் மன்னன். குடிமகனிடம் இருப்பது அம்மண்ணில் அவனுக்குள்ள எஸ்டேட் மட்டுமே. எஸ்டேட் என்பது காலத்தின் அளவு. வழிவழியாக எவர்க்கும் செல்லத்தக்கது ஒருவகை. நேர்வழி மக்களுக்கு மட்டுமே செல்வது இன்னொரு வகை. அவன் உயிரோடு இருக்கும்வரை மட்டும் உள்ளது மூன்றாவது வகை. நிலம் அப்படியே கிடக்கிறது. அதில் ஒருவன் எவ்வளவு காலம் நிற்கலாம் என்பதே அவனது எஸ்டேட். நிற்றல் என்னும் வேர்ப்பொருள் இதில் எவ்வளவு தெளிவாய்த் துலங்குகிறது! இரண்டாம் வகையின் கொடுமையை ஜேன் ஆஸ்டினின் 'பெருமையும் தப்பெண்ணமும்' என்னும் 1813ஆம் ஆண்டு நாவலைப் பயின்றோர் அறிவர். ஆண்மகவு இல்லாத பென்னட்டின் வீடும் நிலமும், ஐந்து பெண்மக்கள் இருந்தும், தூரத்து உறவினனுக்குச் செல்லக் காத்திருக்கும். அப்பெண்களின் திருமணக் கவலை முழுவதற்கும் காரணம் இந்த ஒரு சட்டச் சொல்தான்.

நிலமே நிலையை வழங்கியது என்பதற்கு வாக்குரிமையைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1430ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் உரிமைநிலம் உடையவனே மாவட்ட உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரையில் இதுவே அளவுகோல். தன் ஆயுட்காலத்திற்கு மட்டும் நிலம் பெற்றவனும் வாக்களிக்கலாம். நூறாண்டுக் குத்தகைக்கு எடுத்தவன் எத்துணைப் பணம் படைத்தவனாயினும் வாக்களிக்க இயலாது. குத்தகை அக்காலத்தில் உரிமைநிலமாக எண்ணப்படவில்லை. பின்னர்ச் சட்டம் மாறியது. 1925இல் இயற்றிய சொத்துரிமைச் சட்டம் பழைய எஸ்டேட்டுகளைக் குறைத்து இரண்டை மட்டுமே முழுச் சட்ட வலிமையோடு நிறுத்தியது: ஒன்று வரையறையற்ற முழு உரிமை, மற்றொன்று ஆண்டுக் கணக்கிட்ட குத்தகை. ஒருகாலத்தில் தாழ்த்தி வைத்த குத்தகை இவ்வாறு சரியாசனம் பெற்றது. இதனைப் பின்னர் மீண்டும் தொடுவேன்.

இச்சொல் கடல் கடந்து தமிழகத்துக்கும் வந்தது. கும்பெனியார் 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்வழி சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி முறையை வகுத்தனர். இராமநாதபுரம், சிவகங்கை முதலியன ஜமீன்களாயின. ஆங்கிலச் சட்டமொழியில் ஜமீனுக்குப் பெயர் எஸ்டேட். 1908ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் நிலச் சட்டமும், ஜமீன்களை ஒழித்து இரயத்துவாரியாக மாற்றிய 1948ஆம் ஆண்டுச் சட்டமும் இச்சொல்லைத் தம் பெயரிலேயே தாங்கியவை. சட்டநூலில் அதனைக் கண்டு தேயிலைத் தோட்டம் என்று மயங்கிய மலேசிய மாணவர் சிலரை நான் அறிவேன். அவர்கள்மேல் பிழையில்லை. நமக்குத் தெரிந்த எஸ்டேட் வேறு.

தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினம் வழியாகவும் சென்னை வழியாகவும் கப்பலேறிய நம் முன்னோர் இங்கு வந்து இறங்கிய எஸ்டேட்டுக்குக் கணக்கு மிகத் தெளிவானது. மலாயாவின் ரப்பர்ப் புள்ளிவிவரங்களில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளது எஸ்டேட். அதற்குக் குறைந்தது சிறுதோட்டம். நிலையும் இல்லை, காலமும் இல்லை. பரப்பளவு மட்டுமே எஞ்சியது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணிவழி வந்தவரே மிகுதி. 1938இல் இந்திய அரசு தடுத்ததும் அவ்வழியும் அடைபட்டது. அதற்குள் மூன்று தலைமுறைகள் லயங்களில் வேர்விட்டிருந்தன.

வேர்விட்டன என்று எழுதினேன், அது கவிதை. சட்டம் அதனை ஏற்காது. லயத்து வீட்டில் பாட்டன் இறந்தான், தந்தை பிறந்தான், பேரன் படித்தான். ஆயினும் அவ்வீட்டில் அவர்கள் குத்தகைக்காரராகக்கூட இருந்ததில்லை. வேலையை முன்னிட்டு இருக்க இடம் அளிக்கப்பட்டோர், அவ்வளவே. வேலை போனால் வீடும் போகும். காலத்தின் அளவே எஸ்டேட் என்றால், எஸ்டேட்டில் அறுபதாண்டு வாழ்ந்தவனுக்கு அங்கே ஒரு நாளளவு எஸ்டேட்டும் இல்லை. இதனைவிடக் கசப்பான சொல்விளையாட்டை எந்த மொழியிலும் நான் கண்டதில்லை. இலங்கை மலையகத்தில் இதுவே இன்னும் கொடிதாயிற்று. அங்கே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோர்க்கு 2003இல்தான் சட்டத்தின்வழி விடிவு பிறந்தது. நகரம், கிராமம் என்பவற்றோடு 'எஸ்டேட்' என்றொரு மூன்றாம் பிரிவை அந்நாட்டுப் புள்ளிவிவரங்கள் வகுத்து வைத்துள்ளன. இடத்தின் பெயர் மனிதரின் வகுப்புப் பெயராக மீண்டும் மாறிவிட்டது. இங்கும் 'எஸ்டேட்காரன்' என்று பட்டணத்தார் சொல்லும்போது அதில் ஏக்கர்க் கணக்கா இருந்தது? தகுதிக் கணக்கல்லவா இருந்தது!

1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்றுச் செல்ல, வாங்கியவர் அவற்றைத் துண்டுதுண்டாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரையிலான இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அஜீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வேலையும் வீடும் ஒருசேர இழந்த தொழிலாளரின் நிலை கண்டு 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கலாம். நாட்கூலி பெற்றோர்க்குப் பத்து வெள்ளி சிறுதொகையன்று. எனினும் ஆயிரக்கணக்கானோர் கட்டினர். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. பால் வெட்டியவரின் பங்குப் பணத்தில் ஓர் எஸ்டேட் வாங்கப்பட்டது என்பதை நம் பள்ளி வரலாற்றுப் பாடம் இன்னும் சற்று விரித்துச் சொல்லலாம்.

சிங்கப்பூரில் இச்சொல்லின் போக்கு வேறு. அங்கே புக்கிட் செம்பவாங் எஸ்டேட்ஸ் என்னும் நிறுவனம் ரப்பர்த் தோட்டத்தில் தொடங்கியது. இன்று வீடுகளைக் கட்டி விற்கிறது. பெயர் அதேதான், பொருள்தான் மாறியிருக்கிறது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தபின் எழுந்த குடியிருப்புகளுக்குத் தமிழில் 'பேட்டை' என்னும் பழஞ்சொல்லை வழங்கினர். கிண்டித் தொழிற்பேட்டை என்று தமிழகம் பெயரிட்டதும் இதனோடு ஒத்துவரும். நல்ல தேர்வு. ஆனால் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. கழக வீட்டை வாங்குவோர் பெறுவது 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டுக் கணக்கிட்ட குத்தகை ஆங்கிலச் சட்டப்படி எஸ்டேட் என்று மேலே கண்டோம். பத்தாவது மாடியில், மண்ணைத் தொடாமல் குடியிருக்கும் ஒருவரிடம் பழைய பொருளில் ஓர் எஸ்டேட் இருக்கிறது. மண்ணிலேயே வாழ்ந்த தோட்டத் தொழிலாளியிடம் அது இருந்ததில்லை.

மலேசியாவில் 1980களிலிருந்து நகரங்களை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறலாயின. அசையாச் சொத்து வாணிபத்தை ஆங்கிலத்தில் 'ரியல் எஸ்டேட்' என்பர். இதிலுள்ள 'ரியல்' என்பது அரசனைக் குறிக்கும் சொல் என்று சிலர் எழுதுவது பிழை. பொருள், உடைமை என்னும் பொருள்கொண்ட 'ரெஸ்' என்ற இலத்தீனச் சொல்லின் வழி வந்தது அது. அந்த எஸ்டேட் வந்த இடத்தில் இந்த எஸ்டேட் இல்லாமற் போயிற்று. தோட்டம் 'தாமான்' ஆயிற்று; மலாயில் தாமான் என்றாலும் பூங்கா, தோட்டம் என்றே பொருள்.

போகாமல் நின்றவை பள்ளிகள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. அவ்வாறு தோன்றிய பள்ளிகள் பல, சுற்றியிருந்த மரங்களும் லயங்களும் மறைந்த பின்னும், பெயர்ப்பலகையில் 'லாடாங்' என்னும் சொல்லைத் தாங்கி அடுக்குமாடிகளுக்கிடையே நிற்கின்றன. அப்பள்ளிகளை அரசு இரு வகையாகப் பிரிக்கிறது: முழு உதவி பெறுபவை, பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் ஊதியத்தை இரண்டிற்கும் அரசே தருகிறது. கட்டடத்தின் பொறுப்பை முழுமையாக ஏற்பது முதல்வகைக்கு மட்டுமே. பள்ளி எவ்வகை என்பதைப் பிள்ளைகளின் தேர்ச்சியோ ஆசிரியரின் உழைப்போ முடிவு செய்வதில்லை. அது நிற்கும் நிலத்தின் பட்டா அரசின் பெயரில் இருக்கிறதா, தோட்டத்தின் பெயரில் இருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள்.